ஸ்டியரிங்ல இருக்கிற அந்த ரெண்டு விரல் இடைவெளி

இன்னைக்கு ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே கொஞ்சம் வரலாறு பேசப் போறோம். வண்டி எதுன்னா, 1970களின் நடுவில் வந்த செவ்ரோலே சி10. அமெரிக்காவில் விவசாயி, கொத்தனார், பிளம்பர்னு எல்லாரும் ஓட்டின வண்டி. சதுர உடம்பு, முன்னாடி நீளமான பானெட், பின்னாடி திறந்த தொட்டி. அம்பது வருஷம் ஆகியும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கிட்டு இருக்கு.

இந்த வண்டியை வாங்குற ஒவ்வொருத்தரும் சொல்ற முதல் புகார் ஒண்ணுதான்: "ஸ்டியரிங் ஆடுது." நேரா போற ரோட்டுல, வீலை இடதுபக்கம் ரெண்டு விரல் அளவு திருப்பினா எதுவுமே நடக்காது. வலதுபக்கம் ரெண்டு விரல், அப்பவும் ஒண்ணும் இல்லை. அதைத் தாண்டினால்தான் டயர் அசையும். பழைய அமெரிக்கப் படங்கள்ல ஹீரோ நேரான ரோட்டுல போகும்போதும் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இருப்பாரே, அது வெறும் நடிப்பு இல்லை. பாதி நிஜம்.

நம்ம ஊர் மெக்கானிக் இதை ஒரே வார்த்தையில சொல்லிடுவார்: "ப்ளே." அந்த ப்ளே எங்கிருந்து வருது? அதுக்குப் பதில் தேடினா 200 வருஷம் பின்னாடி, குதிரை வண்டிக் காலத்துக்குப் போகணும்.

நம்ம கட்டை வண்டிக்கு ஸ்டியரிங் பிரச்சினையே கிடையாது. ரெண்டே சக்கரம், ஒரே அச்சு. மாடு திரும்பினா வண்டி திரும்பும். சக்கரம் கழன்று வராமல் கடையாணி பார்த்துக்கொள்ளும். சிக்கல் நாலு சக்கரத்தில்தான் ஆரம்பம். கோயில் தேர் நாலு மாட வீதியின் மூலையில் திரும்புவதைப் பார்த்திருக்கீங்களா? அச்சு திரும்பாது. சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டையைப் போட்டுப் போட்டு, ஒரு பக்கத்தைத் தடுத்து, மறுபக்கத்தை இழுத்து, அங்குலம் அங்குலமாத் திருப்புறாங்க. "முட்டுக்கட்டை போடாதே"ன்னு நாம திட்டுறோம், ஆனா தேருக்கு அதுதான் ஸ்டியரிங்.

ஐரோப்பாவில் நாலு சக்கரக் குதிரை வண்டிக்கு வேற வழி வெச்சிருந்தாங்க. முன் அச்சு முழுசும் நடுவில் ஒரே ஒரு முளையில் சுழலும். ரொம்ப எளிமை. ஆனா வண்டி சட்டுனு திரும்பும்போது முன் அச்சு வண்டிக்குக் குறுக்கே போயிடும், தாங்குற அகலம் குறைஞ்சிடும், வண்டி கவிழும். எராஸ்மஸ் டார்வின்னு ஒரு டாக்டர், நமக்குத் தெரிஞ்ச சார்லஸ் டார்வினுடைய தாத்தா, இங்கிலாந்தில் நோயாளிகளைப் பார்க்க நாள் முழுக்க வண்டியிலேயே சுத்தினவர். கவிழாத வண்டிக்கு 1750களின் கடைசியிலேயே ஒரு வடிவம் யோசிச்சார். அச்சு அசையாமல் நிற்கும், இரண்டு முனையிலும் சக்கரம் மட்டும் தனித்தனியாகத் திரும்பும். யோசனை அருமை. ஆனா மனுஷன் 1768ல் தன் வண்டியிலிருந்தே தூக்கி எறியப்பட்டு முழங்கால் சில்லு உடைஞ்சு, கடைசிவரை நொண்டித்தான் நடந்தார்.

அதே யோசனை 1810களில் மறுபடி வருது. ம்யூனிக்கில் கியார்க் லாங்கன்ஸ்பெர்கர்னு ஒரு வண்டி கட்டுபவர். அவர் சார்பில் லண்டனில் 1818ல் காப்புரிமை வாங்கினவர் ருடால்ஃப் ஆக்கர்மன், அச்சுப்படமும் பத்திரிகையும் விற்ற பதிப்பாளர். அதனாலதான் இன்னைக்கும் எல்லா இன்ஜினியரிங் காலேஜிலும் "ஆக்கர்மன் ஸ்டியரிங்"னு படிக்கிறோம். செஞ்சவர் பேர் போச்சு, பேப்பர்ல கையெழுத்துப் போட்டவர் பேர் நின்னுச்சு.

விஷயம் இதுதான். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடுது. அப்படின்னா உள்பக்கம் கொஞ்சம் அதிகமாத் திரும்பணும். ரெண்டு சக்கரத்தையும் ஒரு கம்பியால் சரியான கோணத்தில் கட்டினால் அது தானா நடக்கும். அந்தக் கம்பிதான் டை ராட். கட்டுற கம்பி, அவ்வளவுதான் அந்தப் பேருக்கு அர்த்தம்.

ஒரே ஒரு முளை இருந்த இடத்தில் இப்போ இரண்டு முளை, ஒரு கம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் அசையும் மூட்டு. கவிழாமல் இருக்க நாம கொடுத்த விலை அந்த மூட்டுகள். அசையுற மூட்டு தேயும். சி10ல இன்னைக்கு ஆடுற ப்ளேவுக்கு விதை போட்டது 1818.

லண்டன் வண்டிக்காரங்களுக்கு இது பிடிக்கவே இல்லை, பெருசா யாரும் வாங்கலை. கார் வந்த பிறகுதான் இதுக்கு உயிர் வந்துச்சு. 1894ல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் ஆல்ஃப்ரெட் வஷெரோன் தன் பனார் வண்டியில் வட்டமான ஸ்டியரிங் வீல் வெச்சு ஓட்டினார். அதுக்கு முன்னாடி படகுத் துடுப்பு மாதிரி ஒரு தடிதான் பிடி.

ஆனா வீல் வந்ததும் இன்னொரு தலைவலி. சக்கரம் ஒரு கல்லில் மோதினால் அந்த அடி அப்படியே கைக்கு வரும். கட்டைவிரலை வீலுக்கு உள்ளே வளைச்சுப் பிடிக்காதேன்னு பழைய டிரைவர்கள் சொன்னது இதனாலதான், விரல் எலும்பு போயிடும். அதனால நடுவில் ஒரு பெட்டி வெச்சாங்க. உள்ளே திருகு மாதிரி ஒரு வார்ம், அதோடு கடிக்கிற ஒரு பல்லுத் துண்டு. வீலைப் பல சுற்று சுத்தினா டயர் கொஞ்சம் திரும்பும். கைக்கு எளிது, ரோட்டு அடியும் பெட்டியிலேயே பெரும்பாலும் நின்னுடும். உலோகத்தோடு உலோகம் உரசுறதால கனம் இருந்துச்சு. 1940 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸின் சாகினாவ் பிரிவு அந்தத் திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் ஒரு வரிசை எஃகு குண்டுகளை ஓடவிட்டது. குண்டுகள் ஒரு முனையில் வெளியே வந்து குழாய் வழியாச் சுத்தி மறுபடி உள்ளே போகும். ரீசர்குலேட்டிங் பால். நம்ம சி10ல இருக்கிற பெட்டி அந்த வம்சம்தான்.

அடுத்தது பவர் ஸ்டியரிங். ஃப்ரான்சிஸ் டேவிஸ்னு ஒரு இன்ஜினியர், பியர்ஸ்-ஆரோ கம்பெனியில் லாரி பக்கம் வேலை பார்த்தவர். 1920களிலேயே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டியரிங் செஞ்சு ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வமா எடுத்துக்கிட்டு, பொருளாதார மந்தம் வந்ததும் செலவு கட்டாதுன்னு கைவிட்டது. கடைசியில் 1951ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் மக்களுக்குக் கிடைச்சது, அதுவும் டேவிஸின் பழைய காப்புரிமைகள் காலாவதியான பிறகு. அடுத்த வருஷம் ஜெனரல் மோட்டார்ஸும் இறங்கியது.

இங்கே நான் ஒரு கருத்துச் சொல்லிக்கிறேன். இந்த வரலாறு முழுக்க ஒரே திசையில் போகுது: ரோடு கையோட பேசுறதைக் குறைக்கிறது. வார்ம் பெட்டி பாதிப் பேச்சை நிறுத்துச்சு, பவர் ஸ்டியரிங் மீதியை நிறுத்துச்சு. வசதிதான், மறுக்கலை. ஆனா டை ராட் எண்ட் தேய்ஞ்சா முன்னெல்லாம் கை முதல்ல சொல்லும். இப்போ எண்ணெய் பம்ப் அதை மறைச்சு, வண்டி ஓரமா நழுவுற நிலைமைக்கு வந்த பிறகுதான் தெரியுது. அதனால பழைய பிக்கப்பை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம்னு நினைக்காதீங்க. அடியில போகணும்.

சரி, போவோம். ரெண்டு பேர் வேணும். வண்டி தரையில், டயர் மேலேயே நிக்கட்டும், ஜாக்கி வேண்டாம். நியூட்ரல், கை பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. இன்ஜின் ஓடட்டும், பவர் ஸ்டியரிங் வேலை செய்யணுமே. ஒருத்தர் சீட்ல உக்காந்து வீலை இப்படி அப்படி அந்த ரெண்டு மூணு விரல் அளவு மட்டும் ஆட்டணும். இன்னொருத்தர் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிச்சு, ஒவ்வொரு மூட்டையும் வரிசையாப் பார்க்கணும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையாம நிக்குதோ, ப்ளே அங்கே. விரலை மூட்டு மேல வெச்சாக் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும், ஆனா இடுக்கில் விரலை விட்டுடாதீங்க.

மேலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்டியரிங் தண்டும் பெட்டியும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வட்டு இருக்கும். ராக் ஜாயின்ட்னு சொல்வாங்க. ரோட்டு அதிர்வு மேலே ஏறாமல் இருக்க வெச்சது. அம்பது வருஷத்தில் இன்ஜின் சூட்டிலும் எண்ணெயிலும் நைஞ்சு போயிருக்கும். இது மலிவான சாமான், ஆனா நிறைய பேர் இதைப் பார்க்காமலேயே பெட்டியை மாத்திடுறாங்க.

அப்புறம் பெட்டி சேசிஸில் போல்ட் போட்டிருக்கும் இடம். இந்தத் தலைமுறை செவ்ரோலே பிக்கப்பில், முக்கியமா நாலு சக்கரமும் இழுக்கிற வகையில், அங்கே சேசிஸே விரிசல் விடும். பெரிய டயர் போட்ட வண்டியில் இன்னும் அதிகம். வீலை ஆட்டும்போது பெட்டியே சேசிஸோடு சேர்ந்து அசைஞ்சா, டை ராட் எத்தனை மாத்தியும் பிரயோஜனம் இல்லை. வெல்டிங்கும் பட்டையும்தான் வழி.

பெட்டியிலிருந்து கீழே தொங்குறது பிட்மன் ஆர்ம், நம்ம ஊர்ல டிராப் ஆர்ம். அது நடு லிங்க்கை இழுக்கும். லிங்க்கின் மறுமுனையைத் தாங்க ஐட்லர் ஆர்ம். லிங்க்கிலிருந்து இரண்டு பக்கமும் டை ராட், ஆக நாலு டை ராட் எண்ட். இதில் ஐட்லர் ஆர்ம் ஒரு அமைதியான திருடன். அது திருப்புற வேலை எதுவும் செய்யாது, சும்மா தாங்குது. அதனால யாரும் சந்தேகப்படுறதில்லை. அது மேலும் கீழும் ஆடினால் லிங்க்கின் ஒரு முனை ஏறி இறங்கும், அந்தப் பக்கச் சக்கரத்தின் கோணம் ஒவ்வொரு பள்ளத்திலும் மாறும். பிடிச்சு மேலும் கீழும் தள்ளிப் பாருங்க.

இப்போ பால் ஜாயின்ட். இங்கேதான் நிறைய பேர் "நல்லாருக்கு"ன்னு தப்பாச் சொல்லிடுறாங்க. சி10ல் சுருள் ஸ்பிரிங் கீழ்க்கை மேல உக்காந்திருக்கு. வண்டி எடையைச் சுமக்கிறது கீழ் பால் ஜாயின்ட். சேசிஸுக்கு அடியில ஜாக்கி வெச்சுத் தூக்கினா, ஸ்பிரிங் கீழ்க்கையை அழுத்திக்கிட்டே இருக்கும், தேய்ஞ்ச ஜாயின்ட்டும் இறுக்கமா இருக்கிற மாதிரி நடிக்கும். ஜாக்கியைக் கீழ்க்கைக்கு அடியிலேயே, சக்கரத்துக்குப் பக்கத்தில் வெக்கணும். அப்போதான் பாரம் இறங்கும். பாதுகாப்புக்கு ஸ்டாண்டும் போடணும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே போகக்கூடாது. அப்புறம் டயருக்கு அடியில ஒரு கம்பி விட்டு மேலே நெம்புங்க. 12 மணி, 6 மணி இடத்தில் பிடிச்சு ஆட்டினால் வர்ற ப்ளே பால் ஜாயின்டிலிருந்தும் வரலாம், வீல் பேரிங்கிலிருந்தும் வரலாம். உதவிக்கு இருக்கிறவர் பிரேக்கை மிதிச்சதும் ஆட்டம் நின்னுட்டா அது பேரிங். 9 மணி, 3 மணியில் மட்டும் ஆட்டம்னா டை ராட் பக்கம் போங்க.

பால் ஜாயின்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். டை ராட் எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் உங்க பேச்சைக் கேக்காது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடிஞ்சு ஃபெண்டருக்கு அடியில போயிடும். 2000 முதல் 2003 வரையான டொட்ஜ் டகோட்டா பிக்கப், டுராங்கோ வண்டிகளில் மேல் பால் ஜாயின்ட்டுக்குள்ள தண்ணி இறங்கித் தேய்ஞ்சு, சக்கரம் கழன்ற சம்பவங்கள் வந்துச்சு. 2004 கடைசியில் சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைச்சாங்க. அதுக்கப்புறம் டை ராடில் ஒரு கதை. ராம் பிக்கப்களில் ஸ்டியரிங் டை ராட் சரியான கோணத்தில் மாட்டப்படாம உடையுற பிரச்சினை. திரும்ப அழைச்சும் வேலை ஒழுங்கா முடியலை. 2015 ஜூலையில் ஃபியட் கிரைஸ்லர் மேல அமெரிக்கப் பாதுகாப்பு ஆணையம் 10.5 கோடி டாலர் வரை அபராதம் போட்டது, 23 திரும்ப அழைப்புகளைச் சரியா நடத்தலைன்னு. ராம் வண்டிகள் சிலதை உரிமையாளர்கிட்ட இருந்து திரும்ப வாங்கிக்கவும் கம்பெனி ஒப்புக்கிச்சு. பழைய வண்டிக்கு மட்டுமான வியாதி இல்லை இது.

தண்ணி இறங்குதுன்னா கிரீஸ் எங்கே போச்சு? நல்ல கேள்வி. 1910கள் வரைக்கும் மூட்டுக்கு மூட்டு ஒரு சின்னக் கிரீஸ் கிண்ணம் இருக்கும். தினமும் அதைத் திருகி ஒவ்வொண்ணுக்கும் கிரீஸ் இறக்கணும். சிகாகோவில் ஆர்தர் குல்போர்க் அழுத்தத்தோடு கிரீஸ் ஏத்துற துப்பாக்கியைக் கண்டுபிடிச்சார், அலிமைட்ங்கிற பேர்ல வந்துச்சு. வியன்னாவில் பிறந்த ஆஸ்கர் ஸெர்க் அந்த மூட்டுத் தலையைச் சின்னதாக்கினார், 1929ல் அமெரிக்கக் காப்புரிமை. இன்னைக்கும் அமெரிக்கர்கள் அதை ஸெர்க்னுதான் சொல்றாங்க, நமக்கு அது கிரீஸ் நிப்பிள். 1961ல் ஃபோர்ட் 30,000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் போட்டால் போதும்னு விளம்பரம் பண்ணுச்சு. அங்கிருந்து நிப்பிளே இல்லாத, ஆயுசுக்கும் மூடின மூட்டு வரைக்கும் வந்தாச்சு. ஆயுசு யாருடையது, மூட்டுடையதா வண்டியுடையதான்னு மட்டும் யாரும் சொல்லலை. பழைய பிக்கப்புக்கு மாத்துற சாமானில் நிப்பிள் உள்ளது கிடைச்சா அதை வாங்குங்க, அப்புறம் நிஜமாவே கிரீஸ் போடுங்க. ரப்பர் உறை லேசா உப்புற வரைக்கும் போதும். கிழியுற அளவு ஏத்தினா கிரீஸ் போட்டதே வீண்.

மாத்துறதில் ரெண்டு மூணு விஷயம். டை ராட் எண்டின் தண்டு கூம்பு வடிவம். கூம்பு ஓட்டையில் இறுகிப் பிடிச்சிருக்கும். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி விட்டுட்டு, தண்டு நுழைஞ்சிருக்கிற கண்ணோட பக்கவாட்டில் சுத்தியலால் அடிங்க, அது சட்டுனு விடும். மரையோட தலையில் அடிக்காதீங்க. புதுசு போடும்போது நட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கிட்டு, ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேராகலைன்னா இன்னும் கொஞ்சம் முறுக்கணும். பின் நுழையணும்னு நட்டைப் பின்னாடி தளர்த்தினா கூம்பு ஆடும், ஆடுற கூம்பு தண்டை ஒடிக்கும். பழைய எண்டைக் கழட்டும்போது எத்தனை சுற்றுன்னு எண்ணி வெச்சுக்கோங்க, புதுசை அதே சுற்று ஏத்துங்க. அதுவும் ஒர்க்ஷாப் வரைக்கும் போகிறதுக்குத்தான். டோ-இன் சரியா வர வீல் அலைன்மென்ட் பண்ணியே ஆகணும்.

பெட்டியை ஏன் கடைசிக்கு வெச்சேன்? மேல ஒரு திருகு, அதுக்கு ஒரு லாக் நட் இருக்கும். "அதைக் கொஞ்சம் முறுக்கினாப் போதும், ப்ளே போயிடும்"னு சொல்ற ஆள் எல்லா ஊர்லயும் இருக்கார். உண்மைதான், போகும். ஆனா பெட்டியைச் செய்யும்போதே நடுவில் மட்டும் பல் கொஞ்சம் இறுக்கமாக் கடிக்கிற மாதிரி செய்வாங்க, ஏன்னா வண்டி பெரும்பாலும் நேராத்தான் போகுது. அம்பது வருஷம் நேராவே ஓடினதில் நடுப்பகுதி மட்டும் தேய்ஞ்சிருக்கும், ரெண்டு ஓரமும் புதுசு மாதிரி. நடுவுக்காக முறுக்கினா ஓரத்தில் இறுகிப் பிடிக்கும். வளைவில் திருப்பின வீல் தானாத் திரும்பி வராது. முதல்ல மூட்டெல்லாம் சரி பண்ணுங்க. மீதி ப்ளே பெட்டியில்தான்னு உறுதியானா, பிட்மன் ஆர்மைக் கழட்டிட்டு, முறைப்படி அளந்து சரி செய்யுங்க, இல்லைன்னா பெட்டியைப் புதுப்பிங்க.

பிக்கப்புக்கு எல்லாம் லேட்டாத்தான் வந்துச்சு. 1923ல் ஃபயர்ஸ்டோன் கொழுத்த, காத்து அழுத்தம் குறைஞ்ச பலூன் டயரைக் கொண்டு வந்தது. சொகுசு, ஆனா குறிப்பிட்ட வேகத்தில் ரெண்டு முன் சக்கரமும் பைத்தியம் பிடிச்ச மாதிரி உதற ஆரம்பிச்சது. ஷிம்மி. ஒரே அச்சில் கட்டின சக்கரம் ஒண்ணு ஏறினா இன்னொண்ணும் சாயும், அந்தச் சாய்வு ஸ்டியரிங்கையும் திருப்பும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து வந்த மாரிஸ் ஓலி இதை ஆராய்ந்தார். 1934ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன் சக்கரம் தனித்தனியா ஆடத் தொடங்கிடுச்சு. செவ்ரோலே பிக்கப்புக்கு அது வந்தது 1960ல். கல்லூரியில் படிக்கிறவங்க இணையத்தில் "டெத் வாபிள்"னு வீடியோ பார்த்திருப்பீங்க, ஜீப் முன்னாடி உதறி டிரைவர் கத்துவாரே, அதே பழைய ஷிம்மி. ஒரே அச்சு, தேய்ஞ்ச மூட்டு, பெரிய டயர்.

ஸ்டியரிங் தண்டிலும் இதே கதை. முன்னால் மோதினால் டிரைவர் நெஞ்சில் ஈட்டி மாதிரி இறங்கின தண்டை, மடியும் வகையில் 1967ல் ஜெனரல் மோட்டார்ஸ் மாத்தியது. 1968லிருந்து அமெரிக்கச் சட்டம் அதைக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. பிக்கப்புகளுக்கு அந்தக் கட்டாயம் 1980களில்தான். இது வேலை வண்டிதானே, ஓட்டுறவன் எப்படியோ பார்த்துக்குவான்னு நினைச்சிருப்பாங்கபோல.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் ரானே நிறுவனம் 1960களிலிருந்து டை ராட் எண்டும், பிறகு ஸ்டியரிங் பெட்டியும் செய்யுது. உங்க வீட்டுப் பழைய ஜீப்பிலோ அம்பாசடரிலோ அந்தப் பேர் போட்ட எண்ட் இருந்திருக்க நல்ல வாய்ப்பு.

இன்னொண்ணு, நேயர்கள் கேட்டுக்கிட்டே இருக்கிறது: "ஒரே நேரத்தில் எல்லாத்தையும் மாத்திடலாமா?" கிட்டா விக்கிறாங்க, மாத்தலாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஆட்டிப் பார்க்கிற சோதனையைப் பண்ணி, எந்த மூட்டு எவ்வளவு ஆடுதுன்னு சாக்பீஸில் குறிச்சுக்கோங்க. ராக் ஜாயின்ட்டும் சேசிஸ் விரிசலும் அந்தக் கிட்டில் வராது.

அடுத்த எபிசோடில் டிரம் பிரேக். அதுவரைக்கும் உங்க வண்டியோட கிரீஸ் நிப்பிள் எத்தனைன்னு எண்ணி எங்களுக்கு அனுப்புங்க.